இரண்டு பின்கோடு, ஒரே 17

போன வாரம் கிருஷ்ணகிரியின் பின்கோடு 635001-ஐக் காரணிப்படுத்தி 3 × 17 × 12451 என்று எழுதியிருந்தேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேலை? அதற்கு வந்த கேள்விகள் இவை.

பாலக்கோடு, பத்தாம் வகுப்பு: சார், 17-ஆல வகுபடும்னு கால்குலேட்டர் இல்லாம எப்படிச் சொன்னீங்க?

கடைசி இலக்கத்தை வெட்டு தம்பி. அதை ஐந்தால் பெருக்கி, மிச்ச எண்ணிலிருந்து கழி. 63500 − 5 = 63495. மறுபடியும் அதேதான்: 6349 − 25 = 6324. அடுத்து 632 − 20 = 612. பிறகு 61 − 10 = 51. மூணு பதினேழு 51, ஆக வகுபடும். ஏன் ஐந்து? எண்ணை 10அ + ஆ என்று வைத்துக்கொள். 10(அ − 5ஆ) என்பது அந்த எண்ணில் 51ஆ குறைந்தது. 51 பதினேழின் மடங்கு, அதனால் வகுபடுவது மாறாது.

தருமபுரி, ஸ்டேஷனரி கடை: எங்க ஊர் 636701-ஐ விட்டுட்டீங்களே வாத்தியாரே!

விடுவேனா? 13 × 17 × 43 × 67. இதிலும் 17 இருக்கிறது பாருங்கள். இரண்டு பின்கோடையும் கழித்தால் 1700. இரண்டையும் வகுக்கும் எண் எதுவானாலும் 1700-ஐயும் வகுத்தாக வேண்டும். 1700-ஐ வகுக்கும் பகா எண்கள் 2, 5, 17 மட்டுமே. நம் எண்கள் இரண்டும் 1-இல் முடிகின்றன, 2-உம் 5-உம் அடிபட்டுப்போயின. மிச்சம் 17. அதுதான் மீ.பொ.வ., அதாவது இரண்டையும் வகுக்கும் மிகப் பெரிய எண். அதைக் கண்டுபிடிக்கும் யூக்ளிட் முறையின் உயிரே இந்தக் கழித்தல்தான். 2004-இல் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்துபோனது, 17 மட்டும் இன்னும் கூட்டுக்குடும்பத்தில்!

காவேரிப்பட்டினம்: ஐயா, 12451 பகா எண்தான் என்று எப்படி உறுதி?

112 × 112 = 12544, எண்ணைத் தாண்டிவிட்டது. ஆகவே 111-க்குள் உள்ள 29 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பழைய டைரியின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். 83-இல் மூச்சு நின்றது: 83 × 150 = 12450. ஒன்றே ஒன்று மிஞ்சியது.

பென்னாகரம், ஐடி வேலை: அண்ணா, 635001-ஐ பைனரியில, 0-உம் 1-உம் மட்டும் வச்சு எழுதினா?

10011011000001111001. இருபது இலக்கம். ஒன்றுகளை எண்ணுங்கள், சரியாகப் பத்து. சுழியும் பத்து. இதற்குக் காரணம் ஒன்றும் கிடையாது, எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ராயக்கோட்டை: கூட்டினா 15, அதையும் கூட்டினா 6. கிருஷ்ணகிரியில வீடு வாங்கலாமாங்க சார்?

பட்டாவையும் போர் தண்ணீரையும் பாருங்கம்மா. கூட்டுத்தொகை 15 சொல்வது, எண் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது என்பது மட்டும்தான்.

ஓசூர்: எங்க 635109-லயும் 17 உண்டா சார்?

கிருஷ்ணகிரிக்கும் உங்களுக்கும் வித்தியாசம் 108. ஆறு பதினேழு 102, ஏழு பதினேழு 119. இல்லைங்க.