சிப்பாயின் மீசை பத்திரம்!

கேள்வி: பரணில் காக்காப்பொன் (மைக்கா) தகட்டில் வரைந்த சிவப்புக் கோட்டுச் சிப்பாய் படம் கிடைத்தது. எந்தப் படை? ஈரத்துணியால் துடைக்கலாமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: துடைக்கவே துடைக்காதீர்கள். தகட்டில் வண்ணம் ஊறாது, மேலோடு ஒட்டியிருக்கும். ஈரம் பட்டால் மீசை துணியோடு வந்துவிடும். தகடும் ஏடு ஏடாகப் பிரியும். செல்லோ டேப் ஒட்டினால், எடுக்கும்போது ஓர் ஏடே கூட வரும். அமிலமற்ற தாள்களுக்கிடையே படுக்கைவசமாக வையுங்கள். பரணின் சூடு படத்துக்கு ஆகாது.

19ஆம் நூற்றாண்டில் திருச்சியில் இவ்வகைப் படங்கள் வெள்ளைக்காரருக்காக ஏராளமாக வரையப்பட்டன. சிவப்புக் கோட்டை மட்டும் வைத்துப் படையைச் சொல்ல முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்கும் வங்காளப் படைக்கும் அதுதான். காலர், கைப்பட்டி நிறம்தான் ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் மாறும். அதையும் முழுதாக நம்ப வேண்டாம், ஓவியர் கையிலிருந்த வண்ணத்தைப் பூசியிருக்கலாம். தலைப்பாகையைக் கவனியுங்கள், அதுவும் மாறியிருக்கிறது: 1806 வேலூர்க் கலகத்துக்கே தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை ஒரு காரணம்.