பாளையங்கோட்டையில் உள்ள அடுக்குமாடி வீட்டை இப்போது விற்கலாமா? என்ன விலை கேட்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கிறார். பெருமாள்புரம் பக்கம் இரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். வாங்கிப் பத்து வருடம் தாண்டிவிட்டது, இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறார். நான் பாளையில் குடியிருப்பவன். மும்பையில் இருக்கும் என் அக்காவின் ஃப்ளாட்டை இதே பகுதியில் விற்றுக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் விஷயம், சென்னைக் கணக்கை இங்கே போடாதீர்கள். சென்னையில் பெரும்பாலானவர்கள் ஃப்ளாட் வாங்குவது தனி வீடு கைக்கு எட்டாது என்பதால். அதனால் அங்கே ஒரு ஃப்ளாட்டை இன்னொரு ஃப்ளாட்டோடுதான் ஒப்பிடுவார்கள். நெல்லையில் அப்படி இல்லை. கே.டி.சி. நகர், வி.எம். சத்திரம், ரெட்டியார்பட்டி என்று ஊரின் ஓரங்களில் இன்னும் மனை கிடைக்கிறது. அக்கா வீட்டைப் பார்க்க வந்த ஒரு அண்ணாச்சி எல்லா அறையையும் பொறுமையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தத் துட்டுக்கு ரெண்டு மூணு சென்ட் வாங்கி வீட்டைப் போட்டா மண்ணு நமக்குன்னு இருக்கும்லா" என்றார். பலரும் வேறு வேறு வார்த்தையில் இதையேதான் சொன்னார்கள். ஆகவே உங்கள் ஃப்ளாட்டுக்கு மேல்வரம்பு வைப்பது பக்கத்து ஃப்ளாட்டின் விலை அல்ல. ஊர் ஓரத்தில் மனை வாங்கிச் சின்ன வீடு கட்ட என்ன ஆகும் என்பதுதான் அந்த வரம்பு. அதை விசாரிக்காமல் விலை சொன்னால், பார்க்க வருகிறவர்கள் "யோசிச்சுச் சொல்றேன்" என்று போய்விடுவார்கள்.

அப்படியானால் இங்கே ஃப்ளாட் வாங்குவது யார்? தனி வீட்டைப் பராமரிக்க முடியாத வயதானவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையைச் சுற்றி வேலை பார்க்கும் மருத்துவர்கள். அப்புறம் வள்ளியூர், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கமிருந்து பிள்ளைகள் படிப்புக்காகப் பாளைக்குக் குடிவருகிறவர்கள். இவர்களுக்கு மண்ணைவிட லிஃப்டும் காவலாளியும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரமும் முக்கியம். உங்கள் வீட்டுக்கு ஆள் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வரும். அதனால் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தால் முதலில் அதைக் குடியிருப்போர் சங்கத்தில் பேசிச் சரிசெய்ய வையுங்கள். சுவருக்குப் புது வர்ணம் அடிப்பதைவிட அது பெரிய காரியம்.

விலைக்கு வருவோம். உங்கள் பத்திரத்தை எடுத்து யூடிஎஸ், அதாவது கட்டடம் நிற்கும் மண்ணில் உங்கள் பங்கான பிரிபடாத பாகம், எத்தனை சதுர அடி என்று பாருங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 450 சதுர அடி யூடிஎஸ் இருந்தால் ஏறக்குறைய ஒரு சென்ட் மண் உங்களுடையது. அந்தத் தெருவில் சென்ட் என்ன விலை போகிறதோ அதைப் போட்டு, கட்டடத்தின் இன்றைய கட்டுமானச் செலவில் வயதுக்கான தேய்மானத்தைக் கழித்துக் கூட்டினால் ஓர் அடிமட்ட விலை வரும். வங்கியின் மதிப்பீட்டாளரும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போவார். தனியாகக் கட்டணம் கொடுத்து ஒரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கிவிடுவது நல்லது. வாங்குகிறவருக்கு வங்கி எவ்வளவு கடன் தரும் என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

பதிவுத்துறை இணையதளத்தில் தெருவாரியாக வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில மதிப்பு, இருக்கிறது. அதைச் சந்தை விலை என்று நினைக்க வேண்டாம். சில தெருக்களில் நடப்பு விலை அதற்கு மிக மேலே இருக்கும், சில இடங்களில் ஒட்டியே இருக்கும். பத்திரத்தில் போட்ட தொகையை வைத்தும் முழுதாகத் தெரியாது, பலர் குறைத்துத்தான் பதிகிறார்கள். நம்பக்கூடிய தகவல் உங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது. கடைசியாக விற்ற வீடு எவ்வளவுக்குப் போனது, எத்தனை மாதம் காத்திருந்தது என்று சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். இரண்டாவது கேள்வி முதலாவதைவிட அதிகம் சொல்லும்.

வாங்குகிறவர் மனதில் ஓடும் இன்னொரு கணக்கும் உண்டு. பழைய ஃப்ளாட்டை வாங்கினால் முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாகப் புது ஃப்ளாட் வாங்குகிறவருக்கு 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரை 6 சதவீதம்தான். நாற்பது லட்சம் வீட்டில் இந்த வித்தியாசம் மட்டும் 1,20,000 ரூபாய். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு. பொதுவாக 5 சதவீதம், 45 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய வீட்டுக்கு 1 சதவீதம். உங்கள் வீட்டுக்கு அது கிடையாது. பேரத்தில் "புதுசே கிடைக்குதே" என்று யாராவது ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் மொத்தச் செலவைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், பேச்சு உடனே நிதானத்துக்கு வந்தது.

தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் இங்கே யாரும் வீடு வாங்குவதில்லை. ஆற்றுத்தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கோடையில் போர்வெல் தண்ணீர் உப்பா என்று வரிசையாகக் கேட்பார்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: "அப்போ இங்க தண்ணி ஏறுச்சா?" ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை ஆற்றோரம் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் நின்றிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் சொன்ன மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும்.

நேரம் என்று கேட்டீர்கள். நாட்டு நிலவரம், வட்டி விகிதம் எல்லாம் ஓரளவுதான். இங்கே பங்குனி உத்திரம் பெரிய கணக்கு. குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கென்று மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஊருக்கு வருவார்கள். ஊரில் ஒரு வீடு இருக்கட்டும் என்ற ஆசையும் கூடவே வரும். அதைத் தொட்டு ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிச் சேர்க்கைக்காக வீடு தேடுகிறவர்கள். ஆகவே மாசி கடைசியில் வீட்டைக் காலி செய்து, சுத்தம் செய்து, விற்பனைக்கு என்று சொல்லிவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள், அந்த மாதங்களில் விலையைக் குறைத்துப் பயனில்லை. வாடகைக்காரர் இருக்கும்போதே வீட்டைக் காட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்கும் தொந்தரவு, பார்க்கிறவருக்கும் வீடு சின்னதாகத் தெரியும்.

தரகர்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று: எத்தனை பேரிடம் சொன்னாலும் ஒரே விலையைச் சொல்லுங்கள். ஆளுக்கொரு விலை ஊரில் உலவினால், வாங்குகிறவர் குறைந்த விலையிலிருந்துதான் பேரத்தை ஆரம்பிப்பார்.

காகிதங்களைச் சென்னையில் இருந்தபடியே தயார் செய்யலாம். உங்கள் அசல் பத்திரம், தாய்ப்பத்திர (முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்) நகல்கள், வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம், வீட்டு வரி, தண்ணீர் வரி ரசீதுகள், சங்கத்தின் பாக்கியில்லாச் சான்று. இதில் வரைபடம்தான் பல பழைய கட்டடங்களில் சிக்கல். அனுமதியில் இல்லாத தளமோ மாற்றமோ இருந்தால் வங்கி கடன் தர மறுக்கும். அப்போது ரொக்கமாக முழுப்பணம் வைத்திருப்பவர்தான் வர முடியும், அவர் விலையை நன்றாக அடித்துக் கேட்பார். ஆகவே விலை சொல்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பணம் முழுவதையும் வங்கி வழியாகவே வாங்குங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். பாதியைக் கையில் தருகிறேன் என்பவரிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். விற்ற பணத்தில் வேறு வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் கணக்கில் உள்ள பணம்தான் உங்களுக்கு வேண்டும்.

விற்ற லாபத்துக்கான வரியும் பலர் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டு வழி உண்டு: லாபத்தில் நேராக 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம். எது குறைவோ அது. நெல்லையில் ஃப்ளாட் விலை மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது என்பதால் பலருக்கு இரண்டாவது வழியில் வரி மிகக் குறையும், சிலருக்கு ஒன்றுமே வராது. லாபத்தை இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கவோ மூன்று வருடத்துக்குள் கட்டவோ போட்டாலும் விலக்கு உண்டு. விற்கும் விலை வழிகாட்டி மதிப்பைவிட மிகக் குறைந்தால் மட்டும் வரிக்கு அந்த மதிப்பையே எடுத்துக்கொள்வார்கள். முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஒரு தணிக்கையாளரிடம் இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கையில் நிற்கும் தொகை தெரிந்தால்தான் பேரத்தில் எந்த இடத்தில் நிற்பது என்று தெரியும்.

உங்கள் யூடிஎஸ் எவ்வளவு, லிஃப்ட் இருக்கிறதா, கட்டடம் எந்த வருடத்தது என்று எழுதினால் இந்தப் பக்கத்து சென்ட் விலையை விசாரித்துச் சொல்கிறேன்.