வீட்டை நினைவில் இருந்து வரையச் சொன்ன ஓவியர்

‘மரபும் நிச்சயமில்லாத காலமும் சேர்ந்து உருவாக்கிய சமகாலக் கலைஞர் யாராவது உங்களைப் பாதித்திருக்கிறாரா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தா. சனாதனன். 1969இல் பிறந்தவர், யாழ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கிறவர். ஓவியம் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவருடைய வேலை ஒன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சண்டை மூட்டிவிட்டது, அதனால்தான் இந்தப் பதில்.

மரபு என்றதும் கோபுரம், பனை, நாதஸ்வரம் என்று வரைந்து சட்டம் போட்டு மாட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. சனாதனன் கையில் எடுத்தது அரசாங்கக் கந்தோர் அலமாரியில் கிடக்கிற மரபு: தோம்பு. போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் விரிவாக எழுதிவைத்த காணிப் பதிவேடு. ஆருடைய காணி, எவ்வளவு காணி என்று தெரிந்தால்தானே வரி எடுக்கலாம்! ஆள வந்தவன் தன் வசதிக்குச் செய்த கணக்கு அது.

அந்தக் கணக்குப் புத்தகத்தை, காணியை விட்டு ஓடியவர்களிடம் கொடுத்தால் என்ன எழுதுவார்கள்? 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற பெயரில் வந்த நூல் அதுதான். முற்றுப்பெறாத தோம்பு. பார்வைக்கு அரசாங்கக் கோப்பு மாதிரி இருக்கும். இடம்பெயர்ந்த 80 பேரிடம், விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவில் இருந்து வரையச் சொன்னார். அவர்கள் கையால் வரைந்தது ஒன்று, அதையே கட்டடக்கலை முறைப்படி அளவாக வரைந்தது ஒன்று, பிறகு சனாதனனின் பாஸ்டல் ஓவியம் ஒன்று. இந்த மூன்றில் என்னை உலுக்கியது நடுவில் வருவதுதான். மனிசர் நடுங்கி இழுத்த கோணல் கோடுகள் அங்கே நேராகிவிடுகின்றன. கந்தோருக்கு விளங்கும், வீட்டுக்காரருக்கு அந்நியமாகிவிடும்.

வரைந்தவர்களில் தமிழரும் இருக்கிறார்கள், வடக்கு முஸ்லிம்களும் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதித் தமிழ்ச் சனம் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இந்த இரண்டையும் ஒரே கோப்பில் போட எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

இதற்கு முன்பே, 2004இல் யாழ் பொது நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சிக்கு, வரலாறுகளின் வரலாறு என்று பொருள்படும் தலைப்பில், சாதாரண வீடுகளில் இருந்து சேகரித்த பொருட்களை அவர் காட்சிக்கு வைத்திருந்தார். 1981இல் 97,000 புத்தகங்களோடு எரிந்த கட்டடம் அது. நான் அதை நேரில் பார்க்கவில்லை, கேள்விதான்.

இனி எங்கள் வீட்டுச் சண்டை. நாங்கள் வலிகாமம் வடக்கு. 1990இல் வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. பிறகு காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. இந்த நூலை நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்த அன்று, கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்து வரையச் சொன்னேன்.

அப்பா றோட்டில் இருந்து தொடங்கினார். படலை, நாலு எல்லை, எல்லைக்கு அங்கால் ஆருடைய வளவு என்று எல்லாம் காணி உறுதிப் பத்திரத்தில் உள்ளபடி. ஆட்கள் வந்து இருக்கிற விறாந்தை மட்டும் பாதி வீட்டை விழுங்கியிருந்தது. அம்மாவின் படத்தில் றோட்டே இல்லை. குசினி, கிணறு, துவைக்கிற கல்லு, தேசிமரம், மாட்டுக்கொட்டில். விறாந்தை ஒரு தீப்பெட்டி அளவு.

“கிணறு குசினிக்கு நேர் பின்னால எல்லோ?” என்றார் அப்பா.

“நீங்கள் எந்தக் காலம் தண்ணி அள்ளினீங்கள்? குசினிப் படியால இறங்கி வலக்கைப் பக்கம், பன்னிரண்டு காலடி.”

அன்று இரவு இரண்டு பேரும் கதைக்கவில்லை. இரண்டு தாளையும் உறுதி வைத்திருக்கிற பைலுக்குள் நான்தான் வைத்தேன்.

2017இல் எங்கள் துண்டு விடுபட்டது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை, ஒரு சுவர்கூட இல்லை. பற்றைக்குள் கிணற்றுக் கட்டு மட்டும் தெரிந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா ஒன்றும் பேசாமல் கிணற்றடியில் இருந்து திரும்பி எண்ணிக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் நின்று செருப்பால் மண்ணைக் கிளறினார். சீமெந்து நிலம் தட்டுப்பட்டது.

“பதினொண்டுதான்,” என்றார்.

“உங்கட கால் பெரிசு,” என்றார் அம்மா.