விடுதலைத் தீர்ப்பு வந்தால் இழப்பீடு போய்விடுமா?

கேள்வி: 2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்பில் என் அண்ணனுக்கு இரண்டு காதும் அடியோடு கேட்காமல் போய்விட்டது. தீர்ப்பாயத்தில் மனு போட்டு 4 லட்சம் வாங்கினோம். இப்போது ஐகோர்ட் எல்லோரையும் விடுதலை செய்துவிட்டதால் ரயில்வே அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் என்று தெரிந்த ஒருவர் பயமுறுத்துகிறார். கேஸை மறுபடி திறந்தால் 8 லட்சம் கிடைக்குமாம். வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா? – ஒரு வாசகி, தென்காசி

பதில்: போடாதீர்கள், அம்மா. பணத்தை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

இரண்டு வழக்குகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார் அந்த ஆள். குண்டு வைத்தது யார் என்பது குற்ற வழக்கு. குண்டு வெடித்ததா, உங்கள் அண்ணன் முறையான பயணியா, காயம் என்ன, இவ்வளவுதான் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம் பார்க்கும். ரயில்வே சட்டம் 124ஏ பிரிவின்படி, தப்பு யார்மீது என்று நிரூபிக்கவே வேண்டாம். மேற்கு ரயில்பாதையில் 11 நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள் முதல் வகுப்புப் பெட்டிகளில் வெடித்ததை எந்த நீதிமன்றமும் மறுக்கவில்லை. இந்த 12 பேர்தான் வைத்தார்கள் என்பதை அரசுத்தரப்பு நிரூபிக்கவில்லை என்றுதான் 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2015இல் கீழ் நீதிமன்றம் அதே 12 பேரில் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள் கொடுத்திருந்தது. அதைச் சரியா தப்பா என்று சொல்ல இன்னொரு பத்து வருடம்! விடுதலைத் தீர்ப்பு வந்த மூன்றாம் நாளே உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அதை வேறு வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்றது. விடுதலையானவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை. இதில் எதுவும் உங்கள் அண்ணன் பணத்தைத் தொடாது. தீர்ப்பாய உத்தரவின் மீது மேல்முறையீடு செய்ய ரயில்வேக்கு இருந்தது 90 நாள்தான்.

8 லட்சம் என்பது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 2017 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு 8 லட்சம் ஆனது நிஜம். நிலுவையில் இருந்த மனுக்களில், விபத்து நாள் தொகையும் வட்டியும் சேர்ந்தது பெரிதா, உத்தரவு நாளின் புதிய தொகை பெரிதா என்று பார்த்து, கூடுதலானதைக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். உங்களுடையது முடிந்துபோன மனு. விகிதம் ஏறிவிட்டது என்பதற்காக அதைத் திறக்க முடியாது.

இப்படி வீடு தேடி வருபவர்கள் செய்வது ஒன்றேதான். வெற்று வக்காலத்து, தேதி போடாத காசோலை, கூடவே 'கோர்ட்டுக்கு வேண்டும்' என்று பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும். பணம் உங்கள் கணக்கில்தான் விழும், எடுப்பது அவர்கள். பாட்னா தீர்ப்பாய வழக்குகளில் இப்படிப் பணம் போனதாக அமலாக்கத் துறை வழக்குப் போட்டு வழக்கறிஞர்களையே கைது செய்தது. மரணம், காயம் சம்பந்தப்பட்ட மனுவுக்கு நீதிமன்றக் கட்டணமே கிடையாது. 'ஃபீஸ் கட்டணும்' என்று சொல்பவரிடம் ரசீது கேளுங்கள், ஆளைக் காணாது.

அன்று காயம்பட்டும் மனுவே போடாத உறவினர் யாராவது இருந்தால், அவர் கதை வேறு. காலக்கெடு ஒரு வருடம். 'போதுமான காரணம்' காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இத்தனை வருடம் கழித்து 'எங்களுக்குத் தெரியாது' என்பது காரணம் ஆகாது. படுக்கையில் கிடந்தார், மனநிலை பாதிக்கப்பட்டிருந்தார் என்றால் அந்த வருடங்களின் மருத்துவக் காகிதம் வேண்டும், வருடம் விடாமல். டிக்கெட்டோ சீசன் பாஸோ தொலைந்தது மட்டும் பிரச்சினை இல்லை. பயணம் செய்ததை உறுதிமொழிப் பத்திரத்தில் சொன்னால், மறுக்க வேண்டியது ரயில்வே. தொலைந்த டிக்கெட் அல்ல, கடந்த வருடங்கள்தான் வழக்கைக் கொல்லும். இருந்தாலும் மும்பைக்கு அலைய வேண்டாம். மனுதாரர் வசிக்கும் ஊருக்கான அமர்விலேயே போடலாம், நமக்குச் சென்னை.

இன்னொரு கூத்து. 'பயங்கரவாதச் செயல்' என்பதற்கு ரயில்வே சட்டம் இன்னும் தடா என்ற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைத்தான் காட்டுகிறது. தடா 1995இலேயே காலாவதியாகிவிட்டது. அதைத் திருத்தக்கூட யாருக்கும் நேரமில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: தீர்ப்பாய உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகல் கையில் இல்லையென்றால் விண்ணப்பித்து வாங்குங்கள். அந்த ஆளிடம் ஏற்கெனவே ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், வக்காலத்தை ரத்து செய்வதாகப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டு, வங்கியில் கார்டை முடக்கச் சொல்லுங்கள். இதற்கு வக்கீல் தேவையில்லை.