தாய்லாந்தின் 'ஜூதாதேப்' தொடரில் ஐந்து பகுதிகளையும் பார்க்க வேண்டுமா? எந்த வரிசையில் பார்ப்பது?

ஐந்தும் தேவையில்லை, மூன்று போதும். புத்திபத், ரோனபீ, பவோன்ருத். ஆனால் இவற்றுக்கு முன்பு முதல் பகுதியான தராத்தோனின் தொடக்க அத்தியாயங்கள் இரண்டையாவது பார்த்துவிடுங்கள். குடும்பத்தையும் சிக்கலையும் அங்கேதான் அறிமுகப்படுத்துகிறார்கள். அதற்கும் முன்னால் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, இந்தத் தொடரில் வரும் அரச குலப் பட்டங்களைப் புரிந்துகொள்ளுங்கள். பட்டம் புரியாமல் பார்த்தால் அழகான உடையும் அழுகையும் மட்டும்தான் மிஞ்சும். இதை வெறும் காதல் கதை என்று பலர் பாதியில் விட்டுவிடுவதற்குக் காரணமும் அதுதான்.

தொடரைத் தெரியாதவர்களுக்காக: இது 2013ல் தாய்லாந்தின் சேனல் 3ல் வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஓடியது. முழுப்பெயர் 'சுபாப்புருத் ஜூதாதேப்', அதாவது ஜூதாதேப் குடும்பத்துக் கனவான்கள். ஐந்து எழுத்தாளர்கள் ஆளுக்கொரு நாவலாக எழுதிய ஐந்து சகோதரர்களின் கதை. மூத்தவர் தராத்தோன் தொல்லியல் அறிஞர், பவோன்ருத் தூதரக அதிகாரி, புத்திபத் மருத்துவர், ராச்சனோன் பொறியாளர், கடைக்குட்டி ரோனபீ விமானப்படை விமானி. ஒளிபரப்பானதும் இதே வரிசையில்தான். கதை நடப்பது 1950களில். இளவரசரான தந்தை உயிரோடு இல்லை. பிள்ளைகளை வளர்த்தது மோம் இயத் என்ற பாட்டியும் அவருடைய தங்கையும். தேவப்ரோம் என்ற இன்னொரு பிரபுக் குடும்பத்துப் பெண்ணை இந்த வீட்டுப் பையன் ஒருவன் மணப்பான் என்று பெரியவர்கள் எப்போதோ வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் அதில் விருப்பமில்லை. ஒருவர் நழுவினால் சுமை அடுத்தவர் தலையில் விழும். ஐந்து பகுதிகளையும் கோக்கும் நூல் இதுதான்.

இனி பட்டங்கள். தாய்லாந்து அரச வம்சத்தில் பட்டம் தலைமுறைக்குத் தலைமுறை ஒரு படி இறங்கிக்கொண்டே போகும். இளவரச நிலையின் கடைசிப் படி 'மோம் சாவ்'. ஆணைத் 'தான் சாய்' என்றும் பெண்ணைத் 'தான் யிங்' என்றும் அழைப்பார்கள். மோம் சாவின் பிள்ளை 'மோம் ராட்சவோங்'. ராட்சவோங் என்பது நம் ராஜவம்சம்தான். இவர்களை அழைக்கும் சொல் 'குன் சாய்', 'குன் யிங்'. தொடரின் ஐந்து பகுதிகளின் பெயரும் 'குன் சாய்' என்று தொடங்குவது இதனால்தான். மோம் ராட்சவோங் ஆணின் பிள்ளை 'மோம் லுவாங்'. அதோடு சரி, அடுத்த தலைமுறைக்குப் பட்டம் கிடையாது. குடும்பப் பெயருக்குப் பின்னால் 'ந அயுத்தயா' என்று ஒட்டிக்கொள்ளும் அடையாளம் மட்டும் மிஞ்சும். அந்த அயுத்தயா நம் அயோத்தியிலிருந்து போன பெயர்.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மோம் ராட்சவோங்கும் மோம் லுவாங்கும் சட்டப்படி இளவரசர்கள் அல்லர், குடிமக்கள். இது கற்பனைப் பட்டமும் அல்ல. தாய்லாந்தின் பிரதமர்களாக இருந்த சேனி ப்ரமோட், குக்ரித் ப்ரமோட் என்ற அண்ணன் தம்பி இருவரும் மோம் ராட்சவோங்தான். இரண்டு, இந்த நிலைகளில் பட்டம் தந்தை வழியில் மட்டுமே இறங்கும். தாய் யார் என்பது கணக்கில் வராது.

இந்த இரண்டாவது விதியைப் பிடித்துக்கொண்டால் கதையே வேறாகத் தெரியும். ஜூதாதேப் பையன்கள் ஐவரும் மோம் ராட்சவோங். அவர்கள் அரச குடும்பத்துப் பெண்ணை மணந்தாலும், சந்தையில் காய் விற்கும் பெண்ணை மணந்தாலும் பிள்ளைகள் மோம் லுவாங்தான். அவர்கள் இழப்பதற்கு ஒன்றுமே இல்லை. தேவப்ரோம் பெண்களோ மோம் லுவாங். பட்டமில்லாதவரை மணந்தால் அவர்கள் பிள்ளைகளுக்குப் பட்டம் போய்விடும். மோம் ராட்சவோங் ஒருவரை மணந்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். அந்த வீட்டுப் பெண்கள் மாரதியும் விலைரம்பாவும் ஏன் அப்படித் துடிக்கிறார்கள், தகப்பன் ஏன் பழைய வாக்கை விடாமல் பிடித்துத் தொங்குகிறார் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அவர்களை வெறும் பொறாமைக்காரிகளாகப் பார்த்தால் கதையில் பாதி போய்விடும். 1932 புரட்சியோடு முழு முடியாட்சி முடிந்தது. அதிகாரம் போனது, பலருக்குப் பணமும் போனது. கையில் இருப்பது பெயருக்கு முன்னால் பட்டத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துச் சுருக்கம் மட்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பாட்டியை 'மோம் இயத்' என்கிறார்கள். பின்னால் ராட்சவோங்கோ லுவாங்கோ இல்லாத வெறும் 'மோம்' என்பது இளவரசரை மணந்த சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கான பட்டம். பேரன்களுக்குக் குலம் பார்த்துப் பெண் தேடும் பாட்டியே குலம் தாண்டி வந்தவர்! தொடர் இதை உரக்கச் சொல்வதில்லை. தாய்லாந்து மக்களுக்கு அந்தப் பெயரே சொல்லிவிடும், நமக்குச் சொல்லாது. இது தெரிந்தபின் பாட்டி மறுப்புச் சொல்லும் காட்சிகளைப் பாருங்கள், அந்த முகத்தில் கண்டிப்பு மட்டும் இருப்பதாகத் தோன்றாது.

ஆங்கில வசன வரிகள் சறுக்குவதும் இங்கேதான். குன் சாய் என்பதைச் சிலர் 'இளவரசர்' என்றே போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் மோம் சாவ் நிலையில் இருப்பவர் உள்ளே வரும்போது எல்லோரும் ஏன் சட்டென்று குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று விளங்காது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் பிடிபடும். மோம் சாவுக்கு முன்னால் பேசும் ஆண் தன்னைக் 'க்ரமோம்' என்பார். அவர் சாப்பிடுவதற்குச் 'சவோய்' என்ற அரச மொழிச் சொல் வரும். குன் சாய் சாப்பிடுவதற்கு மரியாதையான பொதுச்சொல்தான், சவோய் வராது. 'குன் யிங்' என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. மோம் ராட்சவோங் பெண்ணையும் அப்படி அழைப்பார்கள், அரச விருது பெற்ற மணமான பெண்ணையும் அப்படி அழைப்பார்கள். ஆள் யார் என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். 'ப்ரயா', 'லுவாங்' போன்றவை அரசர் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டங்கள், பரம்பரையாக வருபவை அல்ல. மோம் லுவாங்கோடு அந்த லுவாங்கைக் கலக்காதீர்கள்.

பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நமக்கு இதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. தாய்லாந்து மொழியில் இந்தப் பெயர்களெல்லாம் வடமொழி, பாலி வேர்கள். எழுதுவது ஒன்று, உச்சரிப்பது ஒன்று. சொல்லின் கடைசி ரகரம் னகரமாக ஒலிக்கும், வகரம் பகரமாகும். இந்த இரண்டைத் தெரிந்துகொண்டால் தராத்தோன் 'தராதரன்', பூமியைத் தாங்குபவன். மண்ணைத் தோண்டும் தொல்லியலாளருக்கு வைத்த பெயர்! ரோனபீ 'ரணவீரன்', போர் விமானிக்கு. ராச்சனோன் ராஜ்ய ஆனந்தன். புத்திபத்தில் நம் புத்தி இல்லை, அது விருத்தி. பின்னால் இருப்பது பத்ர, அதாவது மங்களம். பவோன்ருத் சிறந்த ஒளி. ஜூதாதேப்பில் இருப்பது சூடாமணியில் வரும் சூடா, கூடவே தேவன். எதிர்க் குடும்பம் தேவபிரம்மா. வில்லியாக வரும் விலைரம்பாவுக்குள் நம் ரம்பையே இருக்கிறாள்.

பகுதிகளுக்கு வருவோம். ஐந்தில் தலைசிறந்தது புத்திபத், சந்தேகமே வேண்டாம். இதில் ஜோடியாக நடித்த ஜேம்ஸ் ஜிராயு, பெல்லா ரானீ இருவருக்கும் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது இதுதான். நாயகி க்ரோங்கேவ் அழகிப் போட்டிக்கு வரும் பெண். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் அவளைத் தன் 'மியா நோய்', அதாவது சின்ன வீடு ஆக்கிக்கொள்ளத் துடிக்கிறார். இது கதாசிரியரின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. தாய்லாந்தில் அழகிப் போட்டி 1934ல் அரசியலமைப்பு விழாவின் ஒரு பகுதியாகத்தான் தொடங்கியது, அரசு நடத்தியது. சட்டம் 1935லேயே ஒரு மனைவிதான் என்று ஆக்கிவிட்டது. ஆனால் பிரதமராக இருந்த ஃபீல்ட் மார்ஷல் சரித் 1963ல் இறந்தபோது சொத்துத் தகராறில்தான் அவருடைய துணைவியர் எத்தனை பேர் என்று ஊருக்கே தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒரு ஏழைப்பெண் மேடையில் கிரீடம் சூடினால் அடுத்து யார் கண்ணில் படுவாள் என்ற பயம் நிஜமானது. அந்தப் பயத்தை இந்தப் பகுதி காதலுக்குக் கீழே ஓடவிட்டிருக்கிறது. அதனால்தான் மருத்துவர் அவளுக்குக் கொடுக்கும் பாதுகாப்புக்கு எடை இருக்கிறது.

அடுத்து ரோனபீ. ஜேம்ஸ் மா விமானி, நாயகி பியாங்க்வான் சினிமா நடிகை. நாம் கூத்தாடி என்போமே, அதே ஏளனம் தாய்லாந்து மொழியில் 'தென் கின் ராம் கின்', ஆடிப் பிழைப்பவர். பெரிய வீட்டு எதிர்ப்பு முழுவதும் அந்த ஒரு வசவில் அடங்கிவிடும். அந்தக் காலத் தாய்லாந்து சினிமா பெரும்பாலும் 16 மில்லிமீட்டரில் ஒலியில்லாமல் எடுத்து, திரையரங்கிலேயே ஆள் உட்கார்ந்து குரல் கொடுத்தது. நடிகையின் முகத்தை நாடே அறியும், அவள் சொந்தக் குரலை அறியாது. இதை மனதில் வைத்துப் பாருங்கள்.

பவோன்ருத்தில் நிலைமை தலைகீழ். நாயகி தான் யிங், அதாவது மோம் சாவ். இங்கே பெண் மேலே, ஆண் ஒரு படி கீழே. அரச குடும்பத் திருமணம் பற்றிய 1932 அரண்மனைச் சட்டத்தின்படி மோம் சாவ் பெண் குடிமகனை மணக்க வேண்டுமானால் முதலில் தன் பட்டத்தைத் துறக்க வேண்டும். குன் சாய் சட்டப்படி குடிமகன் என்று மேலே சொன்னேனே, அது இங்கே சிக்கலாகும். சுவிட்சர்லாந்துப் பின்னணி கண்ணுக்குக் குளிர்ச்சி. நாயகன் போப் தனவத்தின் நிதானமான நடிப்பு இந்தப் பகுதியின் பலம். பின்னால் 2018ல் போப்பும் பெல்லாவும் ஜோடி சேர்ந்த அயுத்தயா காலத் தொடர் ஒன்று நாடெங்கும் அலையடித்தது. இங்கே இருவரும் தனித்தனிப் பகுதியில் இருக்கிறார்கள்.

ராச்சனோன் எனக்கு ஒட்டவில்லை. எல்லையோரக் கற்பனை நாட்டு இளவரசி, காடு, கட்டாயச் சூழல் என்று போகிறது. கற்பனை நாட்டில் பட்டங்களுக்குக் கடிவாளம் இல்லை, அதனால் மற்ற பகுதிகளில் இருக்கும் இறுக்கம் இங்கே தளர்ந்துவிடுகிறது. நேரம் இருந்தால் பாருங்கள். தராத்தோன் மெதுவாக நகரும், ஆனால் வீட்டை அறிமுகப்படுத்தும் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

ஐந்தையும் வேறு வேறு குழுக்கள் தயாரித்ததால் வெளிச்சம், இசை, வேகம் எல்லாம் பகுதிக்குப் பகுதி மாறும். பழகிக்கொள்ள ஒரு அத்தியாயம் ஆகும். கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை அல்ல, பக்கத்தில் பக்கத்தில் நடப்பவை. எனவே வரிசை மாற்றிப் பார்த்தால் மற்ற சகோதரர் யாரை மணந்தார் என்பது முன்பே தெரிந்துவிடும். அதைத் தாங்க முடியாதவர்கள் தராத்தோன், பவோன்ருத், புத்திபத், ரோனபீ என்று ஒளிபரப்பு வரிசையிலேயே போங்கள்.

குறை இல்லாமல் இல்லை. இப்படிப்பட்ட தொடர்களைத் தாய்லாந்திலேயே 'நாம் நாவ்', தேங்கிய நீர், என்பார்கள். வில்லி கண்ணை உருட்டுவது, அறைவது, ஒளிந்து கேட்பது எல்லாம் திரும்பத் திரும்ப வரும். ஒரு அத்தியாயம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவதால் நடுவில் இழுவை தவிர்க்க முடியாதது. வில்லி தனியாகச் சதி செய்யும் காட்சிகளை ஓட்டிவிடலாம், இழப்பில்லை. பாட்டிகள் இருவரும் உட்கார்ந்து பேசும் காட்சி எதையும் ஓட்டாதீர்கள், பட்டமும் வாக்கும் அங்கேதான் பேசப்படும்.

திருமணச் சடங்குகளையும் ஓட்டாதீர்கள். 'கன் மாக்' என்பது வெற்றிலை பாக்குத் தட்டோடு மாப்பிள்ளை வீட்டார் வருவது. நம் தாம்பூலம் உடனே நினைவுக்கு வரும். ஆனால் பணம் போகும் திசை வேறு, 'சின் சோத்' என்ற தொகையை மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குக் கொடுக்கும். பிறகு நீர் வார்த்தல். மணமக்கள் மண்டியிட்டுக் கைகூப்பி அமர்வார்கள். இருவர் தலையிலும் வெள்ளை நூல் வளையம், இரண்டையும் ஒரே நூல் இணைத்திருக்கும், பெயர் 'மோங்கோன்', நம் மங்கலம். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சங்கில் நீர் எடுத்து அந்தக் கூப்பிய கைகள் மேல் ஊற்றுவார்கள். இங்கே ஊற்றுபவரின் முகத்தைப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் யார் மனம் இளகியது, யார் இன்னும் இளகவில்லை என்பது வசனமில்லாமல் தெரிந்துவிடும்.

தேவப்ரோம் குடும்பத்தை மையமாக வைத்து 2024ல் சேனல் 3லேயே 'துவாங்ஜாய் தேவப்ரோம்' என்று அடுத்த ஐந்து பகுதிகள் வந்தன. அதை முதலில் தொடாதீர்கள். பழைய வாக்கின் கனம் தெரிந்தவர்களுக்குத்தான் அது பிடிபடும். குறைந்தது புத்திபத்தை முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.