யார் வீட்டுக் கண்ணாடியோ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவில் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சொந்த ஊர் மன்னார்குடி. போன மாதம் குழந்தைக்கு ஸ்வெட்டர் வாங்க ஒரு த்ரிஃப்ட் ஸ்டோருக்குப் போனேன். அங்கே அலமாரியில் தேன் நிறத்தில் ஒரு கண்ணாடிச் சாமான் இருந்தது. டம்ளர் என்று சொல்ல முடியாதபடி வாய் அகலம். பூச்சாடி என்றால் உயரம் போதாது. உடம்பு முழுக்கப் பூவும் பொத்தானுமாக நெருக்கமான வேலைப்பாடு. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தவள் திரும்ப வைக்க மனசில்லாமல் மூன்று டாலர் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு தடவை போய் இன்னும் ஆறு சாமான் சேர்ந்துவிட்டது.

வீட்டுக்காரர், "ஆக்கர் கடை வைக்கப் போறியா?" என்கிறார். அதுகூடப் பரவாயில்லை. அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "யார் வீட்டு எச்சில் பாத்திரமோ, செத்தவங்க சாமானோ, அதைப் போய் வீட்டுக்குள்ள கொண்டு வர்றியேடி" என்றார். அதிலிருந்து எனக்கும் உறுத்தலாக இருக்கிறது.

நீங்கள் பிட்ஸ்பர்கில் பல வருடமாக அச்சுக் கண்ணாடி சேர்ப்பதாக எழுதியிருந்தீர்கள். இது என்ன சாமான்? நிஜமாகவே பழசா? இதில் இறங்கலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

கௌசல்யா

*

அன்புள்ள கௌசல்யா,

படத்தில் இருப்பது ஸ்பூனர். ஸ்பூன்களை நிறுத்தி வைத்துச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைக்கிற பாத்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் புதுக்குடித்தனம் வைப்பவர்கள் நான்கு சாமான் கொண்ட ஒரு செட் வாங்குவார்கள்: மூடி போட்ட வெண்ணெய்ப் பாத்திரம், சர்க்கரைக் கிண்ணம், பால் ஊற்றும் கிரீமர், ஸ்பூனர். நூறு வருடத்தில் செட் கலைந்து, ஸ்பூனர் மட்டும் தனியாக எங்காவது வந்து சேரும். என்னவென்று தெரியாமல் கடைக்காரர்களே அதில் பூ வைத்து விற்பார்கள்.

உடம்பில் இருக்கும் வேலைப்பாட்டுக்கு டெய்ஸி அண்ட் பட்டன் என்று பெயர். 1880-களில் பல தொழிற்சாலைகள் போட்டி போட்டுச் செய்தது. பணக்காரர் வீட்டில் கையால் சக்கரத்தில் அறுத்துப் பட்டை தீட்டிய கட் கிளாஸ் இருந்தது. அதே மினுமினுப்பை அச்சில் அழுத்தி, தொழிலாளியின் வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். நான் இந்தக் கண்ணாடிமேல் வைத்திருக்கும் பிரியத்துக்கு முதல் காரணம் இதுதான். நகல் என்று இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. அறுத்த கண்ணாடியைக் கனவிலும் வாங்க முடியாத ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு இதைத் துடைத்து வைத்தபோது அவள் மேஜையிலும் வெளிச்சம் சிதறியிருக்கிறது.

இது எப்படி நடந்தது என்பதற்கு நான் குடியிருக்கும் ஊரே சாட்சி. 1825-ல் பிட்ஸ்பர்கின் ஜான் பேக்வெல், மேஜை அலமாரிகளுக்கான கண்ணாடிக் குமிழ்களை அச்சில் அழுத்திச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருடம் மாசசூசெட்ஸ் கடற்கரையில் சாண்ட்விச் என்ற ஊரில் டெமிங் ஜார்வ்ஸ் தன் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. உருகிய கண்ணாடி ஆறின இரும்பில் படும்போது மேற்பரப்பு சுருங்கி மங்கலாகிவிடும். அதை மறைக்க, அச்சின் தரை முழுக்க ஊசிமுனை அளவுக்குப் புள்ளி புள்ளியாகக் குடைந்து, மேலே இலையும் சுருளும் வரைந்தார்கள். பின்னல் வேலை மாதிரி இருக்கும். லேசி கிளாஸ் என்பது அதுதான். ஒரு குறையை மூடப்போய் அவ்வளவு அழகு வந்து சேர்ந்தது.

அந்தக் காலக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். கனமாக இருக்கும், நகத்தால் சுண்டினால் மணி மாதிரி நின்று ஒலிக்கும். விலையும் அதிகம். 1864-ல் வீலிங் நகரத்தில் வில்லியம் லெய்டன் என்பவர் ஈயம் இல்லாமல் சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிவான கண்ணாடிக்குப் பக்குவம் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் விலை சரிந்து வீட்டுக்கு வீடு கண்ணாடி வந்தது. உங்கள் ஸ்பூனரைச் சுண்டிப் பாருங்கள். ஓசை உடனே அடங்கினால் வருத்தப்படாதீர்கள். சாதாரணக் குடும்பங்களுக்கு இதை எட்ட வைத்த கலவை அது.

அம்மா சொன்னதுக்கு வருகிறேன். அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை, நானும் அதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவள். மண்பாண்டம் எச்சிலை உறிஞ்சிக்கொள்ளும், பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினால் சரியாகிவிடும் என்று எங்கள் பாட்டி கணக்கு வைத்திருந்தார். கண்ணாடி அந்தக் கணக்கிலேயே வரவில்லை, வீட்டில் கண்ணாடிப் பாத்திரம் இருந்தால்தானே! கண்ணாடி எதையும் உறிஞ்சாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் நீங்கள்தான் அதற்கு முதல் ஆள்.

ஆனால் அம்மா கேட்பது சுத்தத்தைப் பற்றி மட்டும் இல்லை. 'யாருடையது' என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. என்னிடம் ஒரு சிறிய டம்ளர் இருக்கிறது. அடிப்பாதி தெளிந்த கண்ணாடி, மேல்பாதி மாதுளை நிறம். அச்சில் வார்த்த பிறகு மேலே சிவப்புச் சாயம் பூசி மறுபடி சூளையில் காட்டி எடுப்பது. சந்தைகளிலும் பொருட்காட்சிகளிலும் இதை விற்பார்கள். வாங்கினால், அங்கேயே சிறு சக்கரத்தில் அந்தச் சிவப்பைச் செதுக்கிப் பெயரும் வருடமும் எழுதித் தருவார்கள். என்னுடையதில் 'மதர், 1904' என்று இருக்கிறது. செயின்ட் லூயிஸில் உலகப் பொருட்காட்சி நடந்த வருடம் அது. எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்திருக்கும், கடைசி எழுத்தின் வால் சறுக்கிக் கீழே ஓடியிருக்கும். விரலால் தடவினால் சிவப்பிலிருந்து வெள்ளைக்கு இறங்கும் பள்ளம் தெரியும்.

என் அம்மா பிட்ஸ்பர்குக்கு வந்திருந்தபோது இதில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒருநாள் கையில் எடுத்து அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே, "யாரு பேரு வெட்டியிருக்கு?" என்று கேட்டார். "அம்மான்னு எழுதியிருக்கும்மா" என்றேன். "யாரோ புள்ளை வாங்கிக் கொடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தார். பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தைக் கொடுத்து, மிஷின் கிர்ரென்று இரைய, புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டி வாங்குகிற ஊரிலிருந்து வந்தவருக்கு அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

யார் சாப்பிட்டார்கள் என்று கேட்கும் அம்மாவிடம், யார் செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒருவர் சூளையிலிருந்து நீண்ட கம்பியில் கண்ணாடிக் குழம்பை அள்ளி வருவார். அச்சின் மேல் அது தேன்போல இறங்கும். அழுத்துபவர் சரியான அளவில் கத்தரியால் வெட்டி, நெம்புகோலை இழுத்து உலக்கையை இறக்குவார். அளவு குறைந்தால் விளிம்பு நிரம்பாது, கூடினால் தடித்துப்போகும். பிறகு அதை மறுபடி நெருப்பில் காட்டி அச்சுத் தழும்பை இளக்கி, மெதுவாக ஆறவைக்கும் சூளைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சுமக்கிற வேலையைச் செய்தவர்கள் சிறுவர்கள். குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1908-ல் மேற்கு வர்ஜீனியாவிலும் இந்தியானாவிலும் கண்ணாடி ஆலைகளுக்குள் எடுத்த படங்களைப் பாருங்கள். நள்ளிரவு ஷிப்டில் நின்று கேமராவைப் பார்க்கும் பையன்களின் முகம் ஒருமுறை பார்த்தால் போகாது. என் அலமாரியிலிருந்து எந்தச் சாமானை எடுத்தாலும் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும், வரவேண்டும் என்றே நினைக்கிறேன். எச்சிலைவிட அந்தக் கைகள்தான் என்னை உறுத்துகின்றன.

படத்தின் ஓரத்தில் ஒரு வெளிர்பச்சைக் கிண்ணம் தெரிகிறது. அது பிந்தைய காலத்தது, டிப்ரஷன் கிளாஸ். 1930-களில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, இயந்திரத்தில் செய்த இந்தப் பச்சை, ரோஜா, மஞ்சள் கண்ணாடிகளை ஓட்ஸ் டப்பாவுக்குள் இலவசமாக வைத்தார்கள். தியேட்டரில் டிக்கெட் வாங்கினால் வாரம் ஒரு தட்டு என்று கொடுத்தார்கள். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். சில பச்சைக் கிண்ணங்கள் தளிர்ப்பச்சையாக ஒளிரும், யுரேனியம் கலந்தவை. பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட வேண்டாம்.

நான் முதலில் தேடித்தேடிச் சேர்த்தது கப் பிளேட். உள்ளங்கையில் அடங்கும், மூன்று மூன்றரை அங்குலம். 1830, 40-களில் தேநீர்க் கோப்பைக்குப் பிடி இருக்காது. சூடாக இருந்தால் ஆழமான சாஸரில் ஊற்றி ஆற்றி, சாஸரிலிருந்தே குடிப்பார்கள். வெறும் கோப்பையை மேஜைவிரிப்பில் வைத்தால் கறைபடும் என்று அதற்கு ஒரு குட்டித் தட்டு. டபராவில் ஆற்றிக் காபி குடித்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். கழுகு, நீராவிக் கப்பல் என்று விதவிதமாக வார்த்திருக்கிறார்கள். 1840 ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஹாரிசனுக்காக மரக்குடில் சின்னம் போட்டே செய்தார்கள். சேர்ப்பதற்கு இடம் அடைக்காது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்று தோன்றினால் இதை யோசியுங்கள். ஒஹாயோவிலேயே இருக்கும் நியூவர்க் உங்களுக்குப் பக்கம்தான், அங்கே ஹைஸி கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது. 1957 வரை அந்த ஊரில் செய்த கண்ணாடி, பலவற்றின் அடியில் சாய்சதுரத்துக்குள் ஹெச் என்ற எழுத்து இருக்கும். ஒரு மதியம் அங்கே நின்று பார்த்தால் நான் பத்துக் கடிதத்தில் எழுதுவதைக் கண் கற்றுக்கொள்ளும். இம்பீரியல், வெஸ்ட்மோர்லேண்ட் கண்ணாடி ஆலைகள் 1984-ல் மூடின. ஃபாஸ்டோரியாவின் மவுண்ட்ஸ்வில் ஆலை 1986-ல் போனது. இந்த வட்டாரத்தில் மிச்சமிருப்பது பெரும்பாலும் அலமாரிகளில் இருப்பதுதான்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காததே நல்லது. லாபத்துக்கு வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

ஒன்றே ஒன்று, இதை நான் ஒரு கிண்ணத்தை இழந்து கற்றுக்கொண்டது. ஒரு பொங்கலன்று பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கியதும் நேராக ஒரு பழைய கிண்ணத்தில் ஊற்றினேன். டக்கென்று ஒரு சத்தம், அடியிலிருந்து விளிம்புவரை விரிசல். பாயசம் மெதுவாக மேஜையில் பரவியது. அச்சுக் கண்ணாடி எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது, திடீர்ச் சூட்டைத் தாங்காது. டிஷ்வாஷரிலும் போடாதீர்கள். சில மாதத்தில் பால் தெளித்த மாதிரி பூத்துவிடும், அது எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மற்றபடி பயன்படுத்துங்கள். ஸ்பூனரில் ஸ்பூனைப் போட்டு வையுங்கள். ஒளிரும் கிண்ணங்களும் ஈயம் கலந்தவையும் போக, ஊறுகாய்க்கும் தயிர்ப்பச்சடிக்கும் இந்தக் கிண்ணங்களைவிட நல்லது எதுவும் இல்லை.

பழசா என்ற கேள்விக்குப் படத்தை வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டெய்ஸி அண்ட் பட்டனை இருபதாம் நூற்றாண்டிலும் திரும்பத் திரும்ப வார்த்திருக்கிறார்கள். வெயிலில் கவிழ்த்துப் பிடித்து அடியைப் பாருங்கள். மேஜையில் இழுபட்ட சாமானில் தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், திசைக்கொன்றாக மெல்லிய கீறல்கள் இருக்கும். எல்லாம் ஒரே பக்கமாக, புதிதாக உரசிய மாதிரி இருந்தால் யாரோ வேண்டுமென்றே தேய்த்தது. உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள், உலக்கை இறங்கிய இடம் வழவழவென்று இருக்கும். ஸ்கேல் வைத்து உயரத்தையும் அளந்து எழுதுங்கள். எட்டு அங்குலம் வந்தால் அது ஸ்பூனரே இல்லை, செலரித் தண்டுகளை நிறுத்தி வைத்த ஜாடி.

அன்புடன்,
அக்கா