ஆறு பேர், மூன்று இரவு: யார் எதைச் சுமப்பது?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் அக்டோபரில் உத்தரகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிறோம். அடிவார ஊரான சாங்க்ரியிலிருந்து ஏறி, மூன்று இரவு கூடாரத்தில் தங்கி இறங்கத் திட்டம். சுமைகூலி வைத்துக்கொள்ளவில்லை. சாமான்களை எப்படிப் பங்கு பிரிப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் மொத்தக் கணக்கைப் போடுங்கள். மூவர் படுக்கும் கூடாரம் இரண்டு, 7 கிலோ. சமைக்காத உணவுப்பொருள் ஆளுக்கு நாளொன்றுக்கு 650 கிராம் வீதம் மூன்று நாளுக்கு ஏறக்குறைய 12 கிலோ. அடுப்பு, பாத்திரம், கேஸ் 4 கிலோ. முதலுதவிப் பெட்டி 1 கிலோ. ஆகப் பொதுச் சுமை 24 கிலோ, தலைக்கு 4. சொந்தச் சுமையில் காலிப் பை, ஸ்லீப்பிங் பேக்கும் பாயும், துணிமணி, தண்ணீர் என்று ஒவ்வொன்றும் 2 கிலோ பிடிக்கும். எல்லாம் சேர்த்து ஆளுக்கு 12 கிலோ.

60 கிலோ எடை உள்ளவருக்கு இது சரி. தண்ணீரையும் சேர்த்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். 45 கிலோ உள்ளவர் 9 கிலோதான் தூக்கலாம். அவருக்குப் பொதுச் சுமையில் 1 கிலோ போதும். மிச்சத்தை 75, 80 கிலோ உள்ளவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். சமமாகப் பிரிப்பதுதான் நியாயம் என்று பிடிவாதம் பிடித்தால், இளைத்த உடம்புக்காரர் இரண்டாம் நாளே முழங்கால் வலியோடு பின்தங்குவார். அவருக்காக எல்லோரும் நிற்க வேண்டிவரும். புறப்படும் முன்பே கொக்கித் தராசில் ஒவ்வொரு பையையும் தொங்கவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கூடாரத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: உள்கூடாரம், மழை விரிப்பு, கம்பிகளும் முளைகளும். ஆனால் அந்த மூவரும் சேர்ந்தே நடக்க வேண்டும். கம்பி வைத்திருப்பவர் ஒரு மணி நேரம் பிந்தினால், மற்ற இருவரும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நனைய வேண்டியதுதான். அடுப்பு, கேஸ், லைட்டர், ஒரு பாத்திரம் நான்கும் ஒரே பையில் இருக்கட்டும். முகாம் சேர்ந்ததும் யாருக்கும் காத்திராமல் வெந்நீர் வைக்கலாம். முதலுதவிப் பெட்டி கடைசியில் நடப்பவரிடம். வழியில் யார் விழுந்தாலும் அவர் அங்கே வந்து சேர்வார். பெட்டி முன்னால் போய்விட்டவரிடம் இருந்தால், அவர் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பங்கு போடவே கூடாதவை சில உண்டு. குளிர் ஜாக்கெட், மழைக்கோட்டு, தலையில் மாட்டும் டார்ச், விசில், ஒரு வேளைக்கான கடலைமிட்டாய், அவரவர் மாத்திரை. மூடுபனியில் பிரிந்துபோனவரைக் காப்பாற்றுவது அவர் பையில் இருப்பதுதான்.

கேள்வி: கேஸ் எவ்வளவு எடுப்பது? விமானத்தில் கொண்டுபோகலாமா?
– வாசகி, மதுரை

பதில்: விமானத்திலும் ரயிலிலும் கேஸ் டப்பாவுக்கு அனுமதி இல்லை. டேராடூனில் மலையேற்றப் பொருள் விற்கும் கடையில் முன்பே சொல்லிவைத்து வாங்குங்கள். ஆறு பேர் மூன்று நாள் சமைக்க 230 கிராம் டப்பா மூன்று தேவைப்படும்; கைக்காவலாக ஒன்று சேர்த்து நான்கு. வெறும் பியூட்டேன் டப்பா வேண்டாம். அது பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். விடியற்காலையில் அடுப்பு சீறிவிட்டு அணையும். ஐசோபியூட்டேனும் புரோபேனும் கலந்ததைக் கேட்டு வாங்கி, இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

3,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேக நெடுநேரம் பிடிக்கும், துவரம்பருப்பு எளிதில் வேகாது. குக்கர் தூக்குவதைவிட அவல், வறுத்த ரவை, சேமியா, புளிக்காய்ச்சல் என்று போவதே புத்திசாலித்தனம். ஓடைத் தண்ணீரை அந்த உயரத்தில் மூன்று நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

பவர் பேங்க்கை மறக்காமல் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

கேள்வி: வாடகைக்கு எடுத்த ஸ்லீப்பிங் பேக்கில் ‘மைனஸ் 10’ என்றிருந்தது. ஆனாலும் இரவெல்லாம் நடுங்கினேன். ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: அது பெரும்பாலும் உயிர் தப்புவதற்கான கடைசி எல்லை. லேபிளில் ‘கம்ஃபர்ட்’ என்று தனியாக ஓர் எண் இருக்கும். நிம்மதியாகத் தூங்க அதைப் பாருங்கள். கேதார்காந்தாவுக்கு அக்டோபரில் கம்ஃபர்ட் மைனஸ் 5 எடுங்கள். இன்னொரு காரணம் பாய். உடம்பின் கீழே பஞ்சு நசுங்கிவிடுவதால் அங்கே கதகதப்பு நிற்காது. தரைக் குளிரைத் தடுப்பது கீழே விரிக்கும் ஃபோம் பாய்தான்.

கேள்வி: ரெயின் கவர் போட்டும் பைக்குள் துணி நனைந்துவிட்டதே?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதுகுப் பக்கம் கவரே கிடையாது. தோளிலிருந்து வழியும் நீர் அந்த வழியாக உள்ளே இறங்கும். பைக்குள் பெரிய, தடித்த பாலிதீன் உறை ஒன்றை விரித்து, அடியில் ஸ்லீப்பிங் பேக், நடுவில் முதுகை ஒட்டினாற்போல் உணவு முதலிய கனமானவை, மேலே துணி என்று அடுக்கி, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். மழைக்கோட்டு மட்டும் உறைக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில்.